காலிக் கட்டம்

பின் சீட்டில் மறுபடியும் சிரிப்பு. கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் என்னவென்று கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் ‘ஒண்ணுமில்ல கோமு, சும்மா’ என்று உமையாள் சொல்வாள், அந்தச் ‘சும்மா’வை மடியில் வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கார் துவாக்குடியைத் தாண்டிவிட்டது. டிரைவர் சவரிமுத்து அண்ணன் ரேடியோவைச் சின்னதாக வைத்திருந்தார், பாட்டு கேட்கும் அளவுக்கு இல்லை, பின்னால் பேசுவது கேட்காத அளவுக்கும் இல்லை, அரைகுறையாக இரண்டும் கேட்டது. காலையில் தில்லைநகர் ஆபீஸ் வாசலுக்கு அவள் இறங்கி வந்தபோதே உமையாளும் நஸ்ரீனும் பின்னால் ஏறிவிட்டிருந்தார்கள். ஒரு லேப்டாப், இரண்டு மடி. ‘நீ முன்னாடி ஏறிக்கோ கோமு, பின்னாடி உக்காந்தா உனக்குத் தலை சுத்துமே’ என்றாள் உமையாள். சுத்தும்தான். கொடைக்கானல் போனபோது வத்தலக்குண்டு தாண்டியதும் உமையாளின் துப்பட்டாவிலேயே வாந்தி எடுத்தவள்தான் கோமதி, அந்தத் துப்பட்டாவை உமையாள் சாலையோரக் குழாயில் அலசிக் கார் ஜன்னலில் கட்டிக் காயவிட்டுக்கொண்டே போனாள். அதை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் முன்னால் உட்காரச் சொல்கிறாளா, இல்லை பின்னால் இடம் நிரம்பிவிட்டதால் அந்த ஞாபகம் இப்போது வசதியாக வந்து நிற்கிறதா? அன்பாகத்தான் இருக்கும். அன்பென்றால் ஏன் வண்டி கிளம்பிய பிறகு ஒரு வார்த்தை இந்தப் பக்கம் வரவில்லை? வந்தது, திருவெறும்பூரில் ‘கோமு, டீ வேணுமா’ என்று கேட்டாள். இவள் வேண்டாம் என்றாள். வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்றவுடன் ‘ஏன் வேணாம்’ என்று இன்னொரு தடவை கேட்கிறாளா பார்க்கலாம் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. அவர்கள் இருவரும்கூட டீ குடிக்கவில்லை என்பதை வண்டி பெல் தொழிற்சாலைக் குடியிருப்புகளை விட்டு வெகுதூரம் வந்த பிறகுதான் நினைத்தாள்.

‘உமாக்கா, இத பாருங்களேன்’ என்றாள் நஸ்ரீன். உமாக்கா. உமையாளை உமா என்று யாரும் கூப்பிட்டதில்லை. காரைக்குடியில் அவள் வீட்டில் ஆச்சி என்பார்கள், புருஷன் சுப்பு ‘ஏய்’ என்பார், கோமதி ‘உமையா’ என்பாள். உமா என்று சுருக்க இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? வந்து ஒரு வருஷம் முழுதாக ஆகவில்லை. சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, அத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று திருச்சிக்கே திரும்பி வந்த பெண். வந்த முதல் வாரமே, கோமதியும் உமையாளும் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து வருஷக்கணக்கில் எழுதிய அந்த லேப் ரிப்போர்ட் சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இதுல எல்லாமே லூஸா இருக்குக்கா’ என்றாள். லூஸா! கோமதி அன்றைக்குச் சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. அவர்கள் எழுதுகிற கணினி மொழியில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. ஃபைலின் தலையில் ஒரே ஒரு வரி போட்டுவிட்டால் அந்த ஃபைல் கறாராகிவிடும், ஸ்ட்ரிக்ட். எண் கேட்ட இடத்தில் எண்தான் தர வேண்டும், பெட்டியில் தட்டச்சு செய்த ‘12’ எழுத்தாக வந்தால்கூட ‘இது எண் இல்லை’ என்று வேலையை நிறுத்திவிடும். அந்த வரி இல்லாத ஃபைலோ தாராளம். எழுத்தாக வந்த பன்னிரண்டைத் தானே எண்ணாக எடுத்துக்கொண்டு போய்விடும், மாற்றவே முடியாத ஏதாவது வந்தால் மட்டும், அதாவது பேரோ குப்பையோ ஒன்றுமே இல்லாத காலிக் கட்டமோ வந்தால் மட்டும், நின்று கத்தும். இரண்டு வகை ஃபைலும் ஒரே சாஃப்ட்வேருக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். மொழியே அதற்கு இடம் கொடுத்திருந்தது. கோமதி எழுதியதெல்லாம் தாராளம். நஸ்ரீன் எழுதியதெல்லாம் ஸ்ட்ரிக்ட். இதில் கோமதிக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. அவள் எழுதிய ஒரு ஃபங்ஷனை, ஒரு கணக்கைச் செய்துதரும் துண்டை, அவளுடைய ஃபைலிலிருந்து கூப்பிட்டால் எழுத்தாக வந்த எண்ணையும் வாங்கிக்கொள்ளும், அதே ஃபங்ஷனை நஸ்ரீனின் ஃபைலிலிருந்து கூப்பிட்டால் முதுகை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். கூப்பிடுகிறவர் எப்படியோ அப்படி. தான் பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் மட்டும் தட்டைக் கழுவி வைக்கிறது என்று கேள்விப்பட்டது போல இருந்தது அவளுக்கு. ‘கொஞ்சம் கொஞ்சமா எல்லாத்தையும் ஸ்ட்ரிக்ட்டா மாத்திரலாம் கோமு, அதுதான் நல்லதுன்னு நஸ்ரீன் சொல்றா’ என்று உமையாள் சொன்னது மாட்டுப் பொங்கல் லீவு முடிந்து வந்த அன்றைக்கு. நஸ்ரீன் சொல்றா. அதற்கு முன்பெல்லாம் அந்த வாக்கியம் ‘நீ என்ன சொல்றே’ என்றுதான் முடியும்.

செங்கிப்பட்டி நெருங்குகிறது. வெயில் இடதுபக்கக் கண்ணாடி வழியாக முழங்கையில் விழுந்தது, அவள் கையை எடுக்கவில்லை, சுடட்டும். பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்தால் நஸ்ரீனின் முகம் தெரியும். சாய்க்கவில்லை. சாய்க்காமலே ஒரு கன்னமும் தலைத்துணியின் இளம்பச்சை ஓரமும் தெரிந்தன, அதுவே போதும், அந்தக் கன்னம் இன்னும் கொஞ்ச நேரத்தில் என்ன நிறமாகும் என்பது கோமதிக்குத் தெரியும், வண்டியில் இருக்கிற வேறு யாருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டாள். தேடிப்போய்ப் பார்த்ததல்ல. இல்லை, தேடிப்போனதுதான். நஸ்ரீனின் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து எங்கேயாவது ஒரு ஓட்டை கிடைக்காதா என்று சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கீழே போயிருந்தபோது, தயிர்சாதத்தை ஒரு கையில் பிசைந்துகொண்டே பார்த்தாள். கிடைத்தது. சிறுநீர்ப் பரிசோதனை ஃபைல், தலையில் அந்தக் கறார் வரி, உள்ளே எல்லாம் பூப்போல அடுக்கு, ஒரே ஒரு இடத்தில் மட்டும் கட்டத்தில் வருவதை வலுக்கட்டாயமாக எண்ணாக்கியிருந்தது. ஸ்ட்ரிக்ட் ஃபைல் முரண்டு பிடிக்கிறது என்றால் அதன் வாயை அடைக்க எல்லோரும் செய்கிற காரியம்தான். வந்தது எதுவானாலும் சரி, எண்ணாக்கு என்று ஒரு அதட்டல். பன்னிரண்டு வந்தால் பன்னிரண்டு. காலி வந்தால் பூஜ்யம். சத்தமே வராது. தாராளம் தாராளம் என்று இவர்கள் கிண்டலடித்த கோமதியின் பழைய ஃபைல் காலிக் கட்டத்தைப் பார்த்தால் நின்று கூப்பாடு போடும், கறாரான புது ஃபைல் காலியைப் பூஜ்யமாக்கி ஒரு புன்னகையோடு அச்சடித்துக் கொடுத்துவிடும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். எழுந்து போய்க் கை கழுவினாள், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், அது திருட்டு மாங்காய் தின்ற முகமாக இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தாள், சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரும் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் சேர்ந்து கிளம்பிவிட்டார்கள், ஏதோ துணி எடுக்கவாம். நேற்று சொல்லியிருக்கலாம். நேற்று உமையாள் எல்லோர் முன்னாலும், ‘முன்னெல்லாம் ரிப்போர்ட் எடுக்கும்போது அங்கங்க நின்னு நின்னு போகும், இப்ப பாருங்க, வழுக்கிக்கிட்டுப் போகுது’ என்று நஸ்ரீனின் தோளைத் தட்டினாள். நின்று நின்று போனது யாருடையது? வழுக்கட்டும் என்று அப்போது முடிவு செய்தாள். தஞ்சாவூரில் புதுசை ஓட்டிக் காட்டும்போது லேப்காரர்கள் முன்னால், டாக்டர் முன்னால், வழுக்கி விழட்டும். அப்போது தான் மெதுவாக நாற்காலியை முன்னே இழுத்து, ‘இது என்னன்னா சார்’ என்று ஆரம்பிப்பதை எத்தனை தடவை பார்த்துவிட்டாள், எந்தச் சேலை என்பதுகூட முடிவாகி, அதையே இப்போது கட்டியுமிருக்கிறாள், உமையாள் தன் பக்கம் திரும்புவாள், அந்தத் திரும்பல், அது மட்டும் போதும், அதற்கு மேல் அந்தக் காட்சி ஓடாது, அங்கேயே நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து ஓடும்.

‘கோமதிக்கா.’ பின்னாலிருந்து ஒரு கை இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீண்டது. உள்ளங்கையில் இஞ்சி மிட்டாய், காகிதம் பிரித்து வைத்தது. ‘வாயில போட்டுக்கங்க. வண்டியில உங்களுக்கு ஆகாதுன்னு உமாக்கா சொன்னாங்க. அதான் வாங்கிட்டு வந்தேன்.’ வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் வயிறு உண்மையாகவே புரட்டிக்கொண்டிருந்தது, எடுத்துப் போட்டுக்கொண்டாள். காரம் தொண்டையில் இறங்கியதும் புரட்டல் நின்றது. அதுவும் பிடிக்கவில்லை. உமாக்கா சொன்னாங்க. அப்படியானால் தன்னைப் பற்றி அவர்கள் பேசுகிறார்கள். வத்தலக்குண்டும் துப்பட்டாவும் சொல்லியாகிவிட்டது, வேறு என்னென்ன சொல்லியிருப்பாள்? அம்மா இறந்தபோது சங்கரன்கோவிலில் அண்ணன் பேசிய பேச்சு, கல்யாணம் நின்றுபோனது, அதை உமையாளிடம் சொன்னது மலைக்கோட்டைத் தெருவில் நகைக்கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அதையும் கொடுத்திருப்பாளா, இஞ்சி மிட்டாய் மாதிரி காகிதம் பிரித்து? இல்லை. உமையாள் அப்படிப்பட்டவள் இல்லை. அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும், இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? உமையாளுக்குக் கால் வீங்கியது தெரியுமா? ரெண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாசம், செருப்பு நுழையவில்லை, ‘வெயிலுக்கு வீங்குதுடி’ என்று சொல்லிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தவளைக் கோமதிதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். சிறுநீரில் புரதம் போகிறது, ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் தாயும் இல்லை பிள்ளையும் இல்லை என்று அந்த டாக்டரம்மா திட்டினாள். கோமதியைத்தான் திட்டினாள், தங்கை என்று நினைத்து. எவ்வளவு இனிமையாக இருந்தது அந்தத் திட்டு. புரதம். அவள் மிட்டாயைக் கடிப்பதை நிறுத்தினாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த வரியை எத்தனையோ தடவை மனதுக்குள் வாசித்திருக்கிறாள், அது எந்தப் பரிசோதனைக்கான கட்டம் என்பதை மட்டும் நிழல் மாதிரி தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். புரதம்தான். ரத்தத்தில் சர்க்கரையோ ஹீமோகுளோபினோ பூஜ்யம் என்று அச்சானால் யாரானாலும் சிரிப்பார்கள், மனுஷன் உயிரோடு இருக்க முடியாது. சிறுநீரில் புரதம் பூஜ்யம் என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதுதான் இயல்பு. ‘இல்லை’ என்று அச்சடிக்கும், நல்லது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரத்தநாட்டிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் சின்னப் பாட்டில்களில் வந்து சேருகிற மாதிரிகள், இன்னும் பார்க்கவே இல்லை என்பதால் காலியாகக் கிடக்கிற கட்டம், அதன் மேல் ‘இல்லை’. வெயிலுக்கு வீங்குகிறது என்று அவளும் சொல்லிக்கொண்டிருப்பாள், யாரோ ஒருத்தி. ஆனால் இன்றைக்குக் காட்டத்தானே போகிறோம், யாரும் உண்மையான ரிப்போர்ட் எடுக்கப் போவதில்லை, காட்டும்போதே தெரிந்துவிடும், டாக்டர் கண்ணில் படும், படாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். படாது. பூஜ்யம் யார் கண்ணில் படும்? அதனால் என்ன, நான்தான் இருக்கிறேனே, நாற்காலியை முன்னே இழுத்து, இது என்னன்னா சார்.

உமையாளின் போன் அடித்தது, தஞ்சாவூர் லேபிலிருந்து. ‘சொல்லுங்க சார்... ஆமா சார், வல்லம் வந்துட்டோம்... இல்லல்ல, டெமோவெல்லாம் எதுக்கு சார், அதான் நேத்தே உங்க ஆளுங்க பாத்து ஓகே சொல்லிட்டாங்களே. வந்ததும் நேரா மாத்திரலாம். மத்தியான ரிப்போர்ட்டெல்லாம் புதுசுலயே எடுத்துக்கலாம் சார்.’ அப்படியானால் காட்டப் போவதே இல்லை. நாற்காலி இல்லை. டாக்டர் இல்லை. வழுக்கி விழ ஆள் யாரும் இல்லை, வழுக்குவது மட்டும்தான் இருக்கிறது, அது நேராக ஒரத்தநாடு வரை போகும். மத்தியானம். இரண்டு நாளாக அவள் நெஞ்சில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்த காட்சியில் அந்த மத்தியானம் எங்கேயும் இல்லை. சொல். இப்போதே சொல். எப்படிச் சொல்வது, சாதாரணமாக, இப்போதுதான் கண்ணில் பட்டது போல. வல்லத்தின் முதல் கடைகள் வந்துவிட்டன. ‘அண்ணே, வண்டிய ஓரமா நிறுத்துங்க’ என்றாள். ‘வாந்தி வருதா?’ என்றபடியே சவரிமுத்து ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கினார். ‘கோமு, என்னடி பண்ணுது?’ உமையாளின் கை பின்னாலிருந்து வந்து அவள் தோளைப் பிடித்தது. எத்தனை நாளைக்கு அப்புறம் இந்தக் கை. ஒரு கணம், அந்தக் கை அங்கேயே இருக்கட்டும் என்பதற்காக, ஆமாம் வாந்தி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று திரும்பினாள். சாதாரணமாகச் சொல்ல நினைத்ததுதான், வாயைத் திறந்ததும் அது நஸ்ரீனை நோக்கிப் பாய்ந்தது. ‘நஸ்ரீன், யூரின் டெஸ்ட் ஃபைல்ல புரதத்துக்கு என்ன பண்ணி வச்சிருக்கேன்னு தெரியுமா? எல்லாம் ஸ்ட்ரிக்ட் ஸ்ட்ரிக்ட்னு பேசுனியே, உள்ள வலுக்கட்டாயமா நம்பராக்கி வச்சிருக்கே. கட்டம் காலியா வந்தா பூஜ்யம்னு போடும். பாக்காத டெஸ்ட்டுக்கு ‘இல்லை’ன்னு ரிப்போர்ட் போகும். மாசமா இருக்கறவங்க ரிப்போர்ட் அது. என் ஃபைலாவது நின்னு கத்தும்.’ நஸ்ரீனின் கன்னம் சிவக்கவில்லை. குழப்பமாகத்தான் பார்த்தாள். ‘நான் அங்க அப்படிப் போடலியேக்கா. காலியா இருந்தா தனியாப் பாக்கணும்னு தானே...’ லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து வேகமாகத் தேடினாள். தேடிய விரல் நின்றது. லேப்டாப்பை மெதுவாக மூடப் பார்த்தாள், மூடிவிட்டால் அந்த வரி இல்லாமல் போய்விடும் என்பது போல.

‘மூடாத நஸ்ரீன்’ என்றாள் உமையாள். ‘அது நான் போட்டது, கோமு.’

மரத்திலிருந்து புளியம்பூ கண்ணாடியில் ஒன்றிரண்டு விழுந்தது. ‘போன வாரம் இவ யாரோ சொந்தக்காரங்க நிக்காஹ்ன்னு புதுக்கோட்டை போயிருந்தாள்ல, அன்னிக்கு டெஸ்ட் ஓட்டுனேன், அந்த எடத்துல நின்னுக்கிட்டே இருந்துச்சு. எழுத்தா வருது, வாங்க மாட்டேங்குது. உன்கிட்டதான் தூக்கிட்டு வந்தேன். ஸ்ட்ரிக்ட் வேணும்னவங்க கிட்டயே கேளுன்னுட்டு நீ ஹெட்போனை மாட்டிக்கிட்டே. சரின்னு நானே என்னமோ போட்டேன். ஓடுச்சு. விட்டுட்டேன்.’ அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கோமதிக்கு அந்தச் சாயங்காலம் இப்போதுதான் முழுசாக வந்தது, உமையாள் மார்போடு அணைத்துக்கொண்டு வந்த லேப்டாப், மேஜை ஓரத்தில் அதை வைக்க இடம் தேடிய அவள் கண், தான் நகர்த்தி வைக்காத டம்ளர். ஹெட்போனில் பாட்டுக்கூட ஓடவில்லை. யார் எழுதிய வரி என்று பார்க்க ஒரு சொடுக்குப் போதுமாக இருந்தது, அந்த ஒரு சொடுக்கை அவள் செய்யவே இல்லை, நஸ்ரீனுடையதாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாருடையதாகவும் இருக்க அவள் விடவில்லை.

‘எப்ப பாத்தே இத?’ என்று கேட்டாள் உமையாள்.

இப்போதுதான் என்று சொல்லலாம். நேற்று ராத்திரி என்று சொல்லலாம், கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உமையாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நாளாக வேண்டும் வேண்டும் என்றிருந்த பார்வை, முழுதாக, வேறு எங்கேயும் போகாமல், அவள் மேல். ‘செவ்வாய்க்கிழமை’ என்றாள் கோமதி.

உமையாள் தலையை ஆட்டினாள். சரி என்றா, இப்படித்தானா என்றா, தெரியவில்லை. போனை எடுத்து, ‘சார், ஒரு மணி நேரம் தாமதமாகும், ஒரு தப்பு என் பக்கம் இருக்கு, சரி பண்ணிட்டுதான் மாத்துவோம்’ என்று சொல்லி வைத்தாள். பிறகு கதவைத் திறந்து இறங்கினாள். முன்கதவுக்கு வந்து நின்றாள். ‘நீ பின்னால போ. ரெண்டு பேரும் சேந்து அதச் சரி பண்ணுங்க. காலியா வர்ற எடம் வேற எங்கெல்லாம் இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். தலை சுத்துனா சொல்லு, நிறுத்தச் சொல்றேன்.’ கோமதி இறங்கினாள். உமையாள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

பின் சீட்டில் உமையாள் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது. லேப்டாப்பின் ஒரு பாதி கோமதியின் மடிக்கு வந்தது. ‘காலியா வந்தா என்னக்கா பண்ணட்டும்?’ என்று தாழ்ந்த குரலில் கேட்டாள் நஸ்ரீன். ‘நிறுத்து. இன்னும் பாக்கலன்னு அச்சடிக்கச் சொல்லு.’ நஸ்ரீன் எழுதினாள். கோமதி இன்னொரு இடத்தைக் காட்டினாள், பிறகு இன்னொன்றை. பெண்ணுக்கு விரல் வேகம், சொல்வதற்குள் போட்டுவிடுகிறாள், நடுநடுவே ‘இது எப்படிக்கா தெரிஞ்சுது உங்களுக்கு’ என்கிறாள், அதில் நடிப்பு இல்லை. முன்னால் உமையாளின் பின்னங்கழுத்து தெரிந்தது, கிளிப்பிலிருந்து நழுவிய கொஞ்சம் முடி, நரைத்தது இரண்டு. அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வல்லம் பின்னால் போனது, அவள் திரும்பவில்லை. மெடிக்கல் காலேஜ் ரோடு வந்தது, திரும்பவில்லை. நஸ்ரீனின் விரல்கள் அவ்வப்போது நின்றன. கோமதி நிமிர்ந்து பார்த்தபோது அந்தப் பெண்ணும் அதே கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்கூலில் டீச்சர் பேசாமல் போய்விட்ட பிள்ளை மாதிரி. இந்த முகத்தைக் கோமதிக்குத் தெரியும். இவ்வளவு நாளாக அவளே போட்டுக்கொண்டு திரிந்த முகம்.

‘அக்கா’ என்றாள் நஸ்ரீன், கிசுகிசுப்பாக, காதருகில் இஞ்சி வாசனையோடு. ‘உமாக்கா கோவமா இருக்காங்களா? நான் அந்த லேப்டாப்ப மூடப் பாத்தேன்ல, அதுக்கா? என் மேலயும் இருக்குமோ?’

இருக்கலாம். ஒருவேளை இருக்கலாம். மூடாத என்று சொன்ன குரலில் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சத்தை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட அந்தக் கழுத்தை, இனி எத்தனை நாள் நீளுமோ தெரியாத அந்த மௌனத்தை, இவளோடு பாதியாகப் பிரித்துக்கொள்வதை நினைத்ததும் கோமதிக்குப் பொறுக்கவில்லை.

‘உன் மேல இல்ல’ என்றாள், உடனே, அழுத்தமாக. ‘என் மேல மட்டும்தான்.’

நஸ்ரீன் கண் கலங்கிவிட்டாள். லேப்டாப்புக்கு அடியில் கையை விட்டுக் கோமதியின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ‘ரொம்ப நல்லவங்கக்கா நீங்க’ என்றாள்.